மஞ்சள் தடவிய டெண்டர் கவர்

இன்று டெண்டர் திறக்கும் மேஜையில்...

மூன்று கவர்கள். அதில் ஒன்றின் நான்கு மூலையிலும் மஞ்சள்!

விஷயம் இதுதான். எங்கள் கல்லூரியும் பக்கத்து இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து பொதுவாக ஒரு பெரிய சர்வரை வாடகைக்கு எடுக்கிறோம். (எடுக்கிறோம், எடுக்கிறோம், எடுத்துக்கொண்டே இருக்கிறோம்!)

குறைந்தது மூன்று கம்பெனிகள் போட்டியிட்டால்தான் டெண்டர் செல்லும். ஆள் சேராமல் ஏற்கெனவே இரண்டு தடவை ரத்து.

என் இறுதியாண்டுப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் பழைய கம்ப்யூட்டரில் படுத்துக் கிடக்கிறது. சத்யா என்ற மாணவி தினமும் வாசலில் நின்று கேட்பாள்.

"மேடம், சர்வர் வந்துருச்சா?"

அதனால் இன்று மூன்று கவரையும் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கமிட்டியில் இருக்கும் ரஷீத் பாய் (கோரிப்பாளையத்துக்காரர், கறார் பேர்வழி) அந்தக் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், கவர்ல எந்தக் குறியும் இருக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கே?"

இருக்கிறது. யாருடைய கவர் என்று தெரியக் கூடாதாம். அதை எழுதிய புண்ணியவதி நானேதான்! (வேறொரு டெண்டரைப் பார்த்துக் காப்பி அடித்தது.)

"நல்ல காரியம்னு மஞ்ச தடவிருக்காக, விடுங்க பாய்."

"நான் விட்டுருவேன். ஆடிட்டர் விடுவாரா?"

கமிட்டித் தலைவர் ஸ்டெல்லா மேடம் பெருமூச்சு விட்டார்.

"தள்ளுபடின்னு எழுதிருவோம். வேற என்ன செய்ய?"

ஒரு பேப்பரை இழுத்து, உச்சியில் சின்னதாகச் சிலுவை போட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார்.

கம்பெனிகளுக்கு மதிப்பெண் போட வைத்திருந்த என் தாளைப் பார்த்தேன். மேலே பிள்ளையார் சுழி. ரஷீத் பாய் தாளில் 786.

மேடமும் மூன்று தாளையும் மாறி மாறிப் பார்த்தார். மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப மொதல்ல நம்ம மூணு பேரையும்ல தள்ளுபடி பண்ணணும்! பிரிங்க பாய்."

பிரித்தார். மற்ற இரண்டையும் பிரித்தார். மஞ்சள் கவரில்தான் அம்சமான திட்டம்! வந்ததிலேயே இதுதான் உருப்படி. சந்தோஷமாகக் கடைசிப் பக்கம் வரை போனோம்.

கையெழுத்து இல்லை.

நான்கு மூலைக்கும் மறக்காமல் மஞ்சள் தடவிய மனுசன், கையெழுத்துப் போட மறந்துவிட்டார்! இதற்கு மூன்று சாமியும் சேர்ந்து வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆள் இரண்டாகிவிட்டது. டெண்டர் ரத்து.

வெளியே வந்தால் சத்யா.

"மேடம், வந்துருச்சா?"

"மஞ்ச வரைக்கும் வந்துருச்சும்மா."

சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நாளை நான்காவது அறிவிப்பு எழுத வேண்டும். குறி போடக் கூடாது என்ற விதியை நானே எடுத்துவிடுகிறேன். ஆனால் கையெழுத்துப் போட வைக்க என்னதான் செய்வது? கையெழுத்துப் போடுகிற இடத்தில் நானே மஞ்சள் தடவி அனுப்பட்டுமா மக்களே?