அத்தானின் முன்பல்

மேலுதட்டைப் பெருவிரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கைக்கண்ணாடியோடு ஜன்னலோரம் நிற்கிறார் அத்தான். குளியலறையில் பெரிய கண்ணாடி இருக்கிறது. அதை அவர் நம்புவதில்லை. "ட்யூப்லைட்டுல எல்லா நிறமும் பொய் சொல்லும்."

முப்பது வருடமாகப் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறவர். அட்டையில் அச்சான நிறத்தை ஒருநாளும் நம்பியதில்லை. ஒரு குச்சியில் தடவிக் காயவைத்து, வாசல் வெயிலில் பார்த்த பிறகுதான் டப்பாவை மூடுவார். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவதொரு நிறம் ஒட்டியிருக்கும்.

அக்கா போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. ஐம்பத்தேழு வயதில் இவருக்கு எதற்கு வெள்ளைப் பல்? "சித்தி, அப்பா யாரையாவது பாத்துட்டு இருக்காரா?" என்று அக்கா மகள் போனில் கேட்டாள். நான் அவரிடமே கேட்டேன். "கடைப் பசங்க, 'அண்ணே, பல்லுக்கு எந்த நம்பர் மஞ்சள் அடிச்சீங்க'ன்னு கேக்கறானுங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நான் நம்பவில்லை.

முதலில் கரி கலந்த பற்பசை வாங்கினார். "இது உப்புத்தாள்மா. வெளுக்காது, சுரண்டும்" என்று மூன்றாம் நாள் குப்பையில் போட்டார். அடுத்து, பல்லில் ஒட்டும் பட்டை. இடுக்கில் மருந்து படவில்லை என்று அதுவும் போயிற்று. கடைசியில் பல் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். மருந்து தடவி விளக்குக் காட்டினால் ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிடும் என்றார் டாக்டர். அத்தான் என் காதருகே குனிந்தார். "அவ்வளவு நேரம் வாயைத் திறந்து வெச்சா பல்லு காஞ்சிடும். காஞ்ச பல்லு வெளுப்பாத்தான் தெரியும். எங்கிட்டயேவா?"

ஆகவே, பல்வரிசைக்கு அளவெடுத்துச் செய்த உறையில் மருந்தை விட்டு, வீட்டிலேயே இரண்டு வாரம் மாட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. டீயும் காபியும் கூடாது, கறை ஏறிவிடும். "முன்பல்லு மேல மாட்டியிருக்கிற கேப் மட்டும் வெளுக்காது சார், அது பீங்கான்" என்று டாக்டர் எச்சரித்தார். படி இறங்கும்போதே அத்தான் சொல்லிவிட்டார்: "புது கேப்பை நம்ம தலையில கட்டப் பாக்கறாரு."

அந்த கேப் அக்கா தேர்ந்தெடுத்தது. கல்யாணமான இரண்டாம் வருடம் ஏணியிலிருந்து விழுந்து இவருக்கு முன்பல் உடைந்தது. மாதிரிப் பற்களை வாசல் வெயிலுக்கு எடுத்துப்போய், இவர் வாயருகே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, "இதுதான்" என்றாளாம் அக்கா. நிறம் பார்த்தே பிழைக்கிறவர், அன்று வாயைத் திறந்தபடி சும்மா நின்றிருக்கிறார்.

இரண்டு வாரத்தில் மற்ற பற்களெல்லாம் வெளுத்தன. கேப் மட்டும் பழைய மஞ்சளிலேயே தனியாகத் தெரிந்தது. அதை மாற்ற இன்று காலை பத்து மணிக்கு வரச்சொல்லியிருந்தார் டாக்டர். அக்கா தேர்ந்தெடுத்ததை இவர் கழற்றிப் போட்டுவிட்டு வருவார் என்ற நினைப்போடுதான் ஒன்பதே முக்காலுக்கு அவர் வீட்டுப் படியேறினேன்.

லுங்கியோடு சமையலறையில் நின்றிருந்தார். அடுப்பில் பால் விடாத டீ, கன்னங்கரேலென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"கிளம்பலையா அத்தான்?"

"கேப் நிறம் சரியாத்தாம்மா இருக்கு" என்றார். "மத்ததுதான் தப்பாப் போச்சு."

டீயை ஆற்றி ஒரு வாய் எடுத்தார். விழுங்கவில்லை. அதை முன்பற்களில் தேக்கிப் பிடித்தபடி, கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.