ஓட்டுக்கடியில் ஒரு வடை

2007-இல், அப்பாவின் முதல் திவசத்தன்று, காக்கை வடையைத் தூக்கிக்கொண்டு போனது. ஆனால் தின்னவில்லை. எதிர்வீட்டுக் கூரையில் இறங்கி, உடைந்த ஓட்டுக்கு அடியில் அதைச் செருகி, மேலே ஒரு வேப்பஞ்சருகை இழுத்துப் போட்டுவிட்டுப் பறந்துவிட்டது. எங்கள் கடலூர் வீட்டு மொட்டைமாடியில் கைகூப்பி நின்ற சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கம் காக்கையாக வருவது செத்துப்போனவர்தான். அது தின்றால்தான் அவருக்கு மனக்குறை இல்லை என்று அர்த்தம். அம்மாவின் அண்ணன், என் மாமா, இதற்காகவே காத்திருந்தவர் போலத் தொண்டையைச் செருமினார். பெண்ணாடத்தில் எனக்கு ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார் அவர். நானோ சிதம்பரத்தில் விலங்கியல் எம்.எஸ்ஸி. முதல் வருஷம். முடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று சொல்லியிருந்தேன்.

"பாத்தியா, உங்கப்பா மனசு ஆறல. பொண்ணு படிச்சது போதும்ன்றாரு," என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. பி.எஸ்ஸி. சேர்க்க என்னோடு பஸ்ஸில் வந்து வரிசையில் நின்றவர் அப்பா. உயிரோடு இருந்தவரை போதும் என்று சொல்லாதவர், செத்த பிறகு மாமா வாய் வழியாகவா சொல்லுவார்?

அதோடு, மறுநாள் நான் பேச வேண்டிய செமினாரே காக்கைக் குடும்பத்துப் பறவை ஒன்றைப் பற்றித்தான். பெயர் நட்கிராக்கர். பனி விழும் மலைகளில் வாழ்வது. பைன் மர விதைகளை மண்ணில் புதைத்து வைத்து, பல மாசம் கழித்து, பனி மூடிக் கிடந்தாலும் இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்டித் தின்னும். அதையே படித்துக்கொண்டிருந்த என்னிடம் போய் மாமா காக்கை சாஸ்திரம் பேசினார்.

"அவரு வேணாம்னு சொல்லல மாமா. அப்புறம் சாப்புட எடுத்து வச்சிருக்காரு. வந்து எடுப்பாரு, பாருங்க."

பெரியவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சா என்று யாரோ முணுமுணுத்தார்கள். பிறகு பசி தாங்காமல் எல்லோரும் கீழே பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் இறங்கவில்லை. காக்கை வராவிட்டால் என் படிப்பு அவ்வளவுதான். அதற்காக மாமாவுக்கு மாடியை விட்டுக்கொடுக்க முடியுமா?

சாயங்காலம் காபியோடு மாமாவும் அம்மாவும் மேலே வந்தபோது அது வந்தது. அங்கே இங்கே தேடவில்லை. நேராக அந்த ஓட்டுக்குப் போய், சருகைத் தள்ளி, வடையை இழுத்து, எங்கள் கைப்பிடிச் சுவரிலேயே வந்து உட்கார்ந்து தின்றது.

"இது வேற காக்கா," என்றார் மாமா.

"காலையில வந்தது அப்பா, இப்ப வந்தது மட்டும் வேற காக்காவா மாமா? பெண்ணாடத்துக்காரங்ககிட்ட வேணாம்னு சொல்லிடுங்க."

மாமா காபியை ஊதிக்கொண்டே இருந்தார். காலையிலிருந்து வாயே திறக்காத அம்மா என் பக்கம் திரும்பி, நாளைக்கு எந்த பஸ்ஸுக்குக் கிளம்புகிறாய் என்று கேட்டாள்.