பன்னிரண்டு இரும்புக் குண்டூசிகள்

1. ராஜா கோட்டு

காலையில் ஈரச்சாக்கை விலக்கி ராஜா வேஷத்துக்கான கோட்டைப் பார்த்தேன். சிவப்புத் துணியில் கருப்புப் புள்ளிகள். மத்தியான ரயிலில் நாடக கம்பெனி மேனேஜர் வந்துவிடுவார். சாயங்கால வண்டியில் அவர் கோட்டோடு திரும்ப வேண்டும்.

அப்போது ஆம்பூரில் நாடக உடுப்பு தைக்கும் கடை ஒன்றில் நான் துணி வெட்டும் கட்டர். எங்கள் கடையில் புதுத்துணி வாங்கும் பழக்கமே கிடையாது. குடியாத்தம் பக்கத்து வீடுகளில் கழித்த வேட்டி, கிழிந்த பட்டுச்சேலையின் சரிகைக் கரை, தோல் பதனிடும் கிடங்குகளில் ஓரம் நறுக்கிப் போட்ட ஆட்டுத்தோல் துண்டு, இவைதான் எங்கள் சரக்கு. பழைய வேட்டி பல வருஷம் துவைபட்டு மெத்தென்று இருக்கும், சாயத்தை நன்றாகக் குடிக்கும். அதைக் கடுக்காய்ப் பாலில் தோய்த்து, படிகாரம் கொடுத்து, சாயவேரோடு கொதிக்கவைத்துச் சிவப்பாக்குகிறவர் முனியம்மா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். புருஷன் இல்லை, பிள்ளைகள் மூன்று. அந்தச் சாயத்தொட்டி வேலை இருந்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

துணியோடு தோலைச் சேர்ப்பதில் எங்களுக்கு ஒரு வழி உண்டு. பெரிய தோல் துண்டு ஈரம் பட்டுக் காய்ந்தால் சுருங்கும். நடிகருக்கு வேர்த்தால் போதும், கோட்டு கோணிக்கொள்ளும். அதனால் துணி, தோல் இரண்டையும் ஈரமாகவே அடுக்கி, குண்டூசி குத்தி, ஈரச்சாக்கு மூடி மெல்லக் காயவிட்டு, பிறகுதான் தைப்போம். குண்டூசி பித்தளையாக இருக்க வேண்டும். கடுக்காய் ஏறிய துணியில் இரும்பு பட்டால் கருத்துப்போகும். தோல் கிடங்கில் வேலை செய்கிற எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார், அங்கேயும் அதே கடுக்காய்தானே.

முந்தின நாள் சாயங்காலம் நான் ஊசி குத்தும்போது பித்தளை ஊசி பன்னிரண்டு குறைந்தது. கடைத்தெருவுக்குப் போக எனக்குச் சோம்பல். என் சொந்தப் பெட்டியில் வெள்ளைப் பூச்சுப் போட்ட இரும்பு ஊசி இருந்தது. பளபளவென்று இருக்கிறதே, பூச்சு காப்பாற்றும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அதையே குத்தினேன். காலையில் புள்ளிகளைப் பார்த்ததும் அந்தப் பன்னிரண்டையும் அவசரமாகப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

2. வாய் திறக்காத நேரம்

முதலாளி சாயபு கோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னா முனியம்மா இது? அம்மை போட்டமாதிரி இருக்குது."

"நேத்து குடுக்கசொல்ல நல்லாத்தான் இருந்துச்சு சாயபு."

"நல்லா இருந்தது எப்பிடிக் கெடும்? இரும்பு வாளில தண்ணி மொண்டியா?"

"மண்பானைய வுட்டு நான் வேற தொட்றதே இல்ல."

"பேஜார் பண்ணிட்டியே. மேனேஜருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

நான் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த கத்தரிக்கோல்தான். வேலூரில் சாயபு புதுக்கடை திறக்கப்போகிறார், அங்கே என்னை மேஸ்திரியாக அனுப்புவதாகப் பேச்சு. இப்போது வாயைத் திறந்தால் அந்தப் பேச்சு அன்றோடு முடியும். பயந்தேன், அவ்வளவுதான். வேறு நல்ல காரணம் எதையும் இங்கே எழுதி என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போவதில்லை.

முனியம்மா கோட்டை மடியில் விரித்து விரலால் தடவிப் பார்த்தார். புள்ளிகள் இரண்டிரண்டாக இருந்தன. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே இடைவெளி. தொட்டியில் கறை பட்டிருந்தால் திட்டாகப் பரவியிருக்கும். ஊசி நுழைந்த இடம் ஒன்று, வெளியே வந்த இடம் ஒன்று. அவர் நிமிர்ந்து என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிவிடுவார், சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தார் போலும்.

"சரி, நீ கெளம்பு. நாளைலருந்து வர வேணாம்" என்றார் சாயபு.

முனியம்மா கோட்டை மடித்து மேஜையில் வைத்தார். மூலையில் இருந்த சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தார். அவர் வாசற்படியில் கால் வைத்த பிறகுதான் என் கை சட்டைப் பைக்குள் போயிற்று. பன்னிரண்டு ஊசியையும் மேஜையில் கொட்டினேன்.

"ஊசி என்னுது சாயபு. இரும்பு. நேத்து நான்தான் குத்தினேன்."

சாயபு ஊசிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இம்மா நேரம் வாயில இன்னாடா வச்சினு இருந்த?"

முனியம்மா தூக்கைத் திரும்ப மூலையில் வைத்தார்.

3. இலைகள்

ஒரு புள்ளியில் எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தோம். கருப்பு போயிற்று, கூடவே சிவப்பும் போய் வெளிறிய ஓட்டை மாதிரி ஆயிற்று. மேனேஜர் வர இன்னும் மூன்று மணி நேரம்கூட இல்லை.

"தோல்ல எலை வெட்டு சகாயம். புள்ளி ஜோடிக்கு ஒண்ணு, மேல வச்சு மூடிடலாம்" என்றார் முனியம்மா. "சின்னதா வெட்டு, சுருங்கினாலும் தெரியாது."

நான் வெட்டினேன், அவர் தைத்தார். ஒன்பதாவது இலை தைக்கும்போது மேனேஜர் வந்துவிட்டார். சாயபு அவரை வாசலிலேயே உட்காரவைத்துக் காப்பி வரவழைத்தார். பன்னிரண்டும் முடித்துக் கோட்டைக் கொண்டுபோனோம். மேனேஜர் தடவித் தடவிப் பார்த்தார்.

"இந்த எலை நல்லா இருக்குதே. மந்திரி கோட்டுக்கும் இதே மாதிரி போட்டுடுங்க."

சாயபு சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலூர்க் கடைக்கு வேறொருவர் மேஸ்திரியாகப் போனார். அது நியாயம்தான். முனியம்மா என்னைத் திட்டவில்லை, யாரிடமும் அதைப் பேசவும் இல்லை. எப்போதும்போலக் கேலி பேசினார், ஊறுகாய் கொடுத்தார். ஆனால் மறுநாளிலிருந்து என் மேஜைக்கு மொடமொடவென்று காய்ந்த துணிதான் வந்தது. ஈரத்தில் ஊசி குத்துவதை அவரே செய்தார், தனக்கென்று ஒரு டப்பா பித்தளை ஊசி வைத்துக்கொண்டு.

"அது என் வேலையாச்சேக்கா" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஈரத்த நான் பாத்துக்கறேன் சகாயம். நீ வெட்டு."

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இரும்புக் கறையை மூடத் தோல் துண்டு போதும். தப்பு உங்களுடையது என்றால், அடுத்தவர் சோற்றுத் தூக்கை எடுப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன், ஆனால் வாசற்படிவரை அவரை நடக்கவிட்டுச் சொன்னேன். அந்தக் கடையில் பிறகு பல வருஷம் வேலை பார்த்தேன். கடைசி நாள்வரை முனியம்மா என்னிடம் ஈரத்துணி கொடுக்கவில்லை.