கோட்டையைத் தேடிய ராஜா

இன்று தம்பியின் கல்யாணப் படம் எடுக்க ஜொகூர் லாமா கோட்டைக்குப் போனோம்.

"குன்று மேல கோட்டை, கீழ ஆறு. படம் சும்மா கெத்தா வரும்" என்று கூலாயில் கார் ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தான். ராஜா உடையும் தலைப்பாகையும் வாடகைக்கு எடுத்து மாட்டியிருந்தான். கடற்கரையில் எடுக்கலாம் என்ற மணப்பெண் மாலினியின் ஆசையை இந்தக் கோட்டையைச் சொல்லித்தான் அடக்கியிருந்தான்.

மேலே புல்வெளியும் நீளமான ஒரு மண்மேடும் இருந்தன.

"கோட்டை எங்க?" என்றாள் மாலினி, பட்டுப்புடவையில் வியர்த்தபடி.

"அந்தப் பக்கம் இருக்கும் லா."

தம்பி மேட்டின் உச்சியில் ஏறி நாலு திசையும் பார்த்தான். கோட்டை தென்படவில்லை.

பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மலாய்க் குடும்பத்திடம் கேட்டேன். அந்த அம்மா தம்பியின் காலடியைக் காட்டினார். அவன் நிற்பதுதான் மண்ணால் கட்டிய கோட்டை மதிலாம். மற்றதைப் போர்த்துக்கீசியர்கள் அழித்துவிட்டார்களாம். வேலை சுத்தம்.

"மண்ணா இருந்தாலும் கோட்டைதானே?" என்றான் தம்பி.

"அப்ப நீங்க இங்க எடுங்க. நான் கடல்ல எடுக்குறேன். கல்யாணக் கார்டுல ஒட்டிக்கலாம்."

அதற்குள் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் "சுல்தான்! சுல்தான்!" என்று ஓடிவந்து அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். பின்னாலேயே அம்மா, அப்பா, கோழிப் பொரியலுடன் ஒரு மாமா.

இன்றைக்கு எடுத்ததில் அதுதான் அருமையான படம். மாலினி அதில் இல்லை. சிரித்துக்கொண்டே எடுத்தவள் அவள்தான்.

அடுத்த வாரம் தேசாரு கடற்கரை. வாடகைத் தலைப்பாகையில் உப்புத்தண்ணீர் பட்டால் கடைக்காரர் கண்டுபிடிப்பாரா? அனுபவப்பட்ட ராஜாக்கள் சொல்லவும்.