உப்புத்தாள் டீச்சரின் இரண்டு பெட்டிகள்

இடது கையால் உப்புத்தாளை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருந்த பேனாக்கத்தியால் அதன் முதுகில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள் டீச்சர். தச்சர்கள் மரம் தேய்க்கிற தாள்தான். சொரசொரப்பான பக்கத்தில் கத்தியை வைத்தால் முனை போய்விடும் என்பதால் முதுகுப் பக்கத்திலிருந்துதான் வெட்ட வேண்டும். அப்படி வெட்டுவதென்றால் எழுத்தை இடவலம் மாற்றி வரைந்துகொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை மறந்து ஒரு தாள் முழுக்க வெட்டித் தள்ளிவிட்டு, "பரவாயில்ல பெரியம்மா, பிள்ளைங்களைக் கண்ணாடி முன்னாடி உட்கார வச்சுடலாம்" என்று என்னிடம் சொன்னவள் இவள்.

உப்புத்தாள் டீச்சர் என்று பெயர் வைத்தது அவள் வீட்டுக்காரர். "தாளைச் சொன்னீங்களா, என் குணத்தைச் சொன்னீங்களா?" என்று கேட்டதற்கு, "ரெண்டுலயும் கை வச்சுப் பாத்தவன் நான் ஒருத்தன்தானே" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

எங்கள் மையம் ஒரு பல் மருத்துவமனைக்குக் கீழே, தரைத்தளத்தில் மூன்று அறைகள். மேலே பல்லைத் துளைக்கிற சத்தம் கேட்டால் கீழே இரண்டு பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள், ஒன்று சிரிக்கும். எல்லாம் ஆறு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள். நடக்கத் தாமதமானவர்கள், பேச்சு வராதவர்கள், கண்பார்வை குறைந்தவர்கள், நேராக உட்கார முடியாதவர்கள். பிள்ளைகளைத் தூக்குவது, உட்கார வைப்பது, ஊட்டுவது, கழுவிவிடுவது என் வேலை. அதற்குப் பயிற்சி எடுத்தவள் நான். எழுத்து சொல்லிக் கொடுப்பது அவள் வேலை.

அவளும் வீட்டுக்காரரும் பல வருடம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர்கள். மகள் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள், "இனிமே அடுத்தவங்க எழுதினதையே காப்பி எடுத்துட்டு நிக்க என்னால முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுச் சிறப்புக் கல்விப் பயிற்சியில் போய்ச் சேர்ந்தாள். வகுப்பில் மற்றவர்களெல்லாம் மகள் வயதுப் பெண்கள். வீட்டுக்காரர் தடுக்கவில்லை. "போ. ஆனா மெஷின்ல பேப்பர் மாட்டிக்கிட்டா வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போ" என்றார். இன்றைக்கும் மாட்டிக்கொண்ட தாளை எடுக்க அவளைத்தான் கூப்பிடுகிறார். அவரும் வருகிறபோதெல்லாம் காலி அட்டைப்பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு வருவார். நாங்கள் அவற்றைச் சாய்வுப் பலகையாக, கால் தாங்கியாக, எதுவாக வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வோம்.

அவள் பாடம் நடத்துகிற விதத்தைச் சொல்ல வேண்டும். பலகையில் எழுதி "பாரு" என்று சொல்கிற வழக்கமே அவளிடம் இல்லை. கயிற்றைத் தரையில் எழுத்தாகப் போட்டு அதன்மேல் நடக்கவிடுவாள். நடக்க முடியாதவனை நான் அக்குளில் தாங்கிக்கொண்டு நடத்துவேன். ஈர மணல் தட்டில் விரலால் இழுக்க வைப்பாள். பிள்ளையின் முதுகில் விரலால் எழுதுவாள். வாளியில் தண்ணீரும் சுண்ணாம்பு அடிக்கிற பெரிய பிரஷும் கொடுத்து வெளிச்சுவரில் எழுதச் சொல்வாள். காய்ந்து மறைந்ததும் மறுபடி எழுதலாம், தப்பு என்று ஒன்றும் மிஞ்சாது. முதல் எழுத்து எப்போதும் 'ட'. கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு, முடிந்தது. மாலையில் மணலையும் தண்ணீரையும் பெருக்கித் துடைப்பவள் நான்தான் என்பதால், இந்த முறைகளைப் பற்றி எனக்கு வேறு சில அபிப்பிராயங்களும் உண்டு.

அவளிடம் வந்த பிள்ளைகளில் அவளை அதிகம் ஆட்டி வைத்தவன் நீதிபதி. அதுவும் அவள் வைத்த பெயர்தான். ஆறு வயதை நெருங்குகிற பையன். வெளிச்சமும் பெரிய நிழல்களும் மட்டும்தான் அவன் கண்ணுக்குத் தெரியும். கால் உறுதியில்லை. பேச்சு நாலைந்து சொல்தான். மேசையில் எதை வைத்தாலும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு யோசிப்பான். பிடிக்காவிட்டால் ஒரே தள்ளு, தரைக்குப் போய்விடும். பிடித்தால் நெஞ்சோடு இழுத்துக்கொள்வான். மேல்முறையீடு கிடையாது.

வந்த புதிதில் எதையும் தொடமாட்டான். இரண்டு கையும் இறுக மூடியே இருக்கும். மணல் பட்டால் அலறுவான். அந்தக் கையைத் திறக்க வைப்பதற்காகத்தான் அவள் துணிக்கடைத் துண்டுகளைத் தேடிப் போனாள். 'ப'வை வெல்வெட்டில் வெட்டினாள். 'ம'வை வரிவரியாக இருக்கிற பெட்டி அட்டையில். 'க'வைச் சாக்குத் துணியில். 'ட' மட்டும் உப்புத்தாள். வெல்வெட்தான் முதலில் வேலை செய்தது. ஒருநாள் ஒரு விரல் வெளியே வந்தது, பிறகு மற்றவையும் வந்தன. அந்த வருடம் முடிவதற்குள் "ப குடு" என்றால் 'ப', "ம குடு" என்றால் 'ம'. ஒருமுறைகூடத் தவறியதில்லை. அவன் அம்மா, ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள், அதை முதன்முதலில் பார்த்த அன்று டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "டீச்சர் கையில கத்தி இருக்கு, விடும்மா" என்று நான்தான் பிரித்துவிட்டேன்.

எங்கள் மையத்தில் ஆறு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியில் முதல் வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைக்கென்று ஒரே ஒரு இடம் உண்டு. தலைமை ஆசிரியை பையனை நேரில் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். கிடைத்தால் பள்ளி. கிடைக்காவிட்டால் அவன் வீட்டில், அவனோடு அவன் அம்மா வீட்டில், சலவைக்கூட வேலை போய்விடும். அவன் அப்பாவுக்கு மதியம் வரை பஸ் டூட்டி, அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. பார்க்கச் சொன்ன நாளுக்கு முந்தின மதியம்தான் டீச்சர் உப்புத்தாள் வெட்டிக்கொண்டிருந்தாள்.

காரணம், வெல்வெட் 'ப' தண்ணீர் வாளிக்குள் போய்விட்டது. போட்டவள் எங்கள் தண்ணி ராணி, மூன்று வயது, எதைக் கண்டாலும் முக்கிப் பார்க்கிறவள். அட்டை ஊறி, பசை விட்டு, எழுத்து கந்தலாகிவிட்டது. "வேற வெல்வெட் இல்ல. உப்புத்தாள்லயே ஒண்ணு வெட்டிடுறேன் பெரியம்மா. எழுத்து எழுத்துதானே" என்றாள்.

வெட்டி ஒட்டி, மற்ற மூன்றோடு சேர்த்து நீதிபதி முன்னால் வைத்தாள். "சார், 'ப' எங்க?"

அவன் நான்கையும் தடவினான். புது 'ப'வை ஒரே தள்ளு. தரைக்குப் போனது.

"புதுசாச்சே, அதான் கோவம்" என்று எடுத்து மறுபடி வைத்தாள். "'ப' குடுங்க சார்."

அவன் மேசையை விட்டுத் திரும்பி, பக்கத்து ஸ்டூலில் கிடந்த பொம்மையைத் துழாவி, அதன் பாவாடையைப் பிடித்து நெஞ்சோடு இழுத்துக்கொண்டான். வெல்வெட் பாவாடை.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள். எழுந்து போய் மிச்சமிருந்த உப்புத்தாளில் 'ம', 'க' இரண்டையும் மடமடவென்று வெட்டிக்கொண்டு வந்தாள். நான்கும் இப்போது ஒரே தாள். அவற்றை அவன் முன்னால் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் தடவினான், மறுபடி தடவினான். எதைக் கேட்டாலும் கையில் முதலில் பட்டதைக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் கையை மூடிக்கொண்டான்.

"பெரியம்மா, நான் ஒரு வருஷமா ஜவுளிக்கடை நடத்தியிருக்கேன்" என்றாள். "பேரைச் சொன்னா துணி எடுத்துக் குடுக்கிறான். எழுத்தை அவன் தொடவே இல்ல."

அப்படியே போய் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் மேசையைத் துடைத்தேன், பையனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஆறுதல் சொல்ல அது நேரமில்லை, தண்ணி ராணி மறுபடி வாளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

அட்டைப்பெட்டிகளோடு வந்த வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்து அவற்றைக் கீழே வைத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்போ துணிக்கடையில வேலை ரெடின்னு சொல்லு. கண்ணை மூடிக்கிட்டே ரகம் பிரிப்பான்" என்றார்.

"உங்களுக்கு விளையாட்டா இருக்கா? நாளைக்குக் காலைல அந்தம்மா முன்னாடி நான் என்னத்தைக் காட்டுவேன்?"

"நாலு மாவுல நாலு ரொட்டி சுட்டுக் குடுத்தது நீ. ருசி பாத்துப் பிரிச்சது அவன். அவன் செஞ்சதுல என்ன தப்பு?"

"தப்பு என்னோடதுன்னுதான் நானும் சொல்றேன்."

"அப்போ அதையே அங்கயும் சொல்லு" என்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அந்த மனிதருக்குப் பேச்சு அவ்வளவுதான்.

மாலையில் அவன் அம்மா சோப்பு வாசனையோடு வேகமாக வந்தாள். டீச்சர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். அம்மா பையனைப் பார்த்தாள், எழுத்துப் பெட்டியைப் பார்த்தாள், கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"டீச்சர், பழைய எழுத்தையே எடுத்துட்டுப் போலாம். பொம்மைப் பாவாடையைக் கிழிச்சு ஒரு 'ப' பண்ணிடுங்க. அவங்க கேப்பாங்க, இவன் குடுப்பான். யாருக்குத் தெரியப் போவுது?"

"சேர்ந்ததுக்கு அப்புறம்?"

"அப்புறம் மெதுவாப் படிச்சுக்கட்டும்."

"அங்க இருக்கிற புத்தகத்துக்கெல்லாம் வெல்வெட் ஒட்டுவாங்களாம்மா? ஒரு வாரத்துல 'இவனுக்கு ஒண்ணுமே தெரியல'ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. அப்போ இந்தக் கை மறுபடி மூடிக்கும். அதைத் திறக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா?"

"இடம் கிடைக்கலன்னா நான் படப் போற பாடு உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?"

இரண்டுமே உண்மை. டீச்சர் பொம்மையை எடுத்து அதன் பாவாடையைப் பிரித்தாள். "பாவாடையில ஒரு 'ப' வெட்டுறேன்" என்றாள். அம்மாவின் முகம் தெளிந்தது. "ஆனா உப்புத்தாள் நாலும் தனிப் பெட்டியில கூட வரும். ரெண்டு பெட்டியும் காட்டுவேன். உன் பிள்ளைக்காகப் பொய் சொல்லக்கூட நான் தயார்தான். அது அவன் தலையிலதான் விடியும், அதான் வேண்டாங்கிறேன்" என்றாள் டீச்சர். அம்மா பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டாள். நாளைக்கு வருவாளா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை பள்ளி வாசலில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். பையனுக்குத் தலை வாரி, தேய்த்த சட்டை போட்டிருந்தாள். டீச்சரோடு பேசவில்லை. அவனை என் கையில் கொடுத்தாள்.

தலைமை ஆசிரியை பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சிறிய பெண்மணி. டீச்சர் இரண்டு பெட்டிகளையும் அவர் முன்னால் திறந்து வைத்தாள். "இதுல கேட்டா எல்லாம் சரியாக் குடுப்பான். அதுல கேட்டா ஒண்ணும் தெரியாது. சொல்லிக் குடுத்ததுல நான் பண்ண தப்பு. நீங்களே கேட்டுப் பாருங்க மேடம்."

அவர் கேட்டார். பழைய எழுத்துப் பெட்டியிலிருந்து 'ம' வந்தது, 'க' வந்தது, 'ப' வந்தது. உப்புத்தாள் பெட்டியில் அவன் விரல்கள் தேடித் தேடி அலைந்தன. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதைச் சரி பண்ண எவ்வளவு நாளாகும்?"

"நாள் சொல்ல மாட்டேன் மேடம். வேகமாப் படிச்சிட்டான்னு நம்பித்தான் இப்படி ஆச்சு. ரெண்டு எழுத்துல ஆரம்பிக்கணும். எல்லாம் ஒரே பொருள்ல இருக்கணும், உருவம் மட்டும் மாறணும். வேற தந்திரம் கூடாது."

தலைமை ஆசிரியை பெட்டிகளை மூடினார். "போன வருஷம் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாங்க. எல்லாம் தெரியும்னாங்க. என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு எங்களுக்குப் பிடிபடறதுக்குள்ள பிள்ளை அழுது அழுது நின்னு போச்சு. இவனைப் பத்தி எனக்கு உட்கார்ந்த இடத்துலயே தெரிஞ்சுபோச்சு. காது கேக்குது, ஞாபகம் இருக்கு, கேட்டதை எடுத்துக் குடுக்கிறான். இது போதும் எனக்கு. ஆனா மதியம் வரைக்கும்தான் வச்சுக்க முடியும். எங்க டீச்சருக்குக் காட்டிக் குடுக்க நீங்க காலைல வரணும்."

"வர்றேன்."

"மதியத்துக்கு மேல அவங்கப்பா பஸ் டூட்டி முடிஞ்சு வந்துடுவாரு" என்று அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே அவசரமாகச் சொன்னாள். பிறகு திரும்பினாள். "எப்போலருந்து மேடம்?"

"அதான் வந்தாச்சே. இன்னைக்கே உட்காரட்டும்."

அம்மா அவனை முத்தமிட்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, டீச்சரின் தோளில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள்.

முதல் வகுப்பு நாற்காலியில் அவன் கால் தரையைத் தொடவில்லை. கால் ஊன்றாமல் கை வேலை செய்யாது. அங்கே கிடந்த தடித்த பெட்டி ஒன்றைப் பழைய காகிதத்தால் நிரப்பி, கட்டி, அவன் பாதத்துக்குக் கீழே வைத்தேன். வகுப்பு ஆசிரியைக்கு அவனைக் கையைப் பிடித்து இழுக்காமல் அக்குளில் தாங்கித் தூக்கக் கற்றுக்கொடுத்தேன். மாற்று உடைப் பையை ஆணியில் மாட்டினேன்.

டீச்சர் அவன் பக்கத்தில் தரையில் மண்டியிட்டு, ஒரே பலகையில் அறுத்த இரண்டு மரத்துண்டுகளை மேசையில் வைத்தாள். ஒன்றை நெடுக்காகவும் ஒன்றைக் குறுக்காகவும் சேர்த்து வைத்து, அவன் மூடிய கையைத் தன் கையால் மூடி, அதன்மேல் மெல்ல நகர்த்தினாள்.

"கீழ… பக்கத்துல. இது 'ட'. இன்னொரு தடவை சார். கீழ… பக்கத்துல."

மையத்தில் தண்ணி ராணிக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்ததால் நான் தெருவைக் கடந்து வந்துவிட்டேன்.