ஒரே வண்டியில் இரண்டு இலாகா

குழாயைக் கோபாலசாமி பிடித்துக்கொள்ள, அருணா ரப்பர் பூட்ஸ்களில் ஒட்டிய சேற்றைக் கழுவினாள். வளைகுடாவில், அஜ்மான் குடியிருப்பின் கார் நிறுத்தம். அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

“ரஹ்மானோடத நல்லாத் தேய் அம்மிணி. அந்த மனுசன் சேத்தைப் பாத்தா வண்டிய விட்டே எறங்க மாட்டாரு.”

கோபாலசாமி நில வரைபடக்காரர். கடலோர மனை என்றால் நகரத் திட்டத் துறையும் சுற்றுச்சூழல் துறையும் ஒப்புதல் தர வேண்டும். இவர்கள் அவர்களைக் கைகாட்டுவார்கள், அவர்கள் இவர்களை. அதனால் திட்டத் துறை கலீலுர் ரஹ்மானையும் சுற்றுச்சூழல் சந்திரகலாவையும் அவரவர் ஆபீஸ் வாசலில் ஏற்றி, தன் காரின் பின்சீட்டில் சேர்த்து உட்கார வைப்பார். முன்சீட்டை வரைபடச் சுருள்களால் வேண்டுமென்றே அடைத்துவிடுவார்.

“பொண்ணு பாக்கக் கூட்டிப் போற மாதிரியில்ல போறீங்க, கோபாலண்ணே!” என்பார் ரஹ்மான்.

“பாக்கப் போறது அலையாத்திச் செடிய சார். சீர் செய்ய வேண்டியது உங்க இலாகா,” என்பார் சந்திரகலா.

அருணாவும் சிவில் இன்ஜினியர். “ஒரு மெயில் போட்டா ஆகாதாப்பா?”

“மெயில்ல ரெண்டு பேரும் சரிம்பாங்க. நேர்ல வந்தாத்தான் சண்டை போடுவாங்க. சண்டை போட்டாத்தான் கோடு ஒண்ணாகும்.”

இம்முறை ஒரு கிடங்கு மனை. பழைய வரைபடத்தின் எல்லைக்கோடு அலையாத்திகளின் நடுவே ஓடியது. வியாழன் பகலில் கடலில் பெரிய ஏற்றம். தண்ணீர் எதுவரை வருகிறதென்று இருவரும் சேர்ந்து பார்த்துவிட்டால் எல்லை பின்வாங்கும். தவறினால் திங்கட்கிழமைக் கூட்டம் பழைய கோட்டுக்கே ஒப்புதல் தரும். பிறகு அலையாத்திகள்மேல் மண் கொட்டிவிடுவார்கள்.

வியாழன் விடியலில் கோபாலசாமிக்கு மார் வலித்தது. ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனபோதே உயிர் இல்லை.

உடலை ஊருக்கு அனுப்ப அடுத்து எந்த முத்திரை, எந்த ஜன்னல் என்று கேட்டுக்கேட்டு வரிசையில் நின்றாள் அருணா. அழவில்லை. பகலில் அப்பாவின் போன் அவள் பைக்குள் அடித்தது. ரஹ்மான்.

“அண்ணே, கீழதான் நிக்கிறேன். வெயில் கொல்லுது. மேடத்த ஏத்தியாச்சா?”

அருணா வரிசையை விட்டு விலகிச் சுவரோரம் நின்றாள்.

“அண்ணே? யல்லா, சீக்கிரம், தண்ணி ஏறிரும்ல!”

அதற்குள் திரையில் சந்திரகலாவின் பெயரும் வந்தது. அவரும் தன் வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

அருணா எதையும் துண்டிக்கவில்லை. இரண்டு அழைப்புகளையும் ஒன்றாக இணைத்தாள்.