மின்ஸ்க் வங்கி விலைக்கு வந்த குளிர்காலம்

என் மகள் பெலாரஸ் நாட்டின் தலைநகரான மின்ஸ்கில் மருத்துவம் படிக்கிறாள். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு வங்கிக் கிளையில் கவுன்டரில் உட்காருகிறவள். ஒரு குளிர்காலத்தில், நான் அனுப்பிய கல்லூரிக் கட்டணம் அங்கே போய்ச் சேராமல் திரும்பி வந்துவிட்டது.

"அம்மா, இங்க நான் கணக்கு வெச்சிருக்கிற பேங்கை விக்கப் போறாங்களாம். வெளிநாட்டு ஓனருங்க கெளம்பிக்கினு இருக்காங்க" என்றாள் போனில்.

எத்தனையோ பேரை "மேல கேட்டுச் சொல்றேங்க" என்று அனுப்பி வைத்தவள் நான். பணம் ஏன் திரும்பியது என்று கேட்டபோது, அந்த வாரம் முழுக்க எங்கள் தலைமை அலுவலகத்தார் அதே பதிலை எனக்குச் சொன்னார்கள்.

மகள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா, அந்த வங்கியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு மாலை வீடியோ அழைப்பில் வந்தார். அவர் ரஷ்ய மொழியில் பேச, மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அது சோவியத் அரசு வங்கியின் கிளை. சோவியத் நாடு உடைந்ததும் பங்கு நிறுவனமாயிற்று. தொழிற்சாலைகள் பங்கு வாங்கின. ஊழியர்களுக்கும் கொஞ்சம் கிடைத்தது. பிறகு மேற்கு ஐரோப்பாவின் வங்கிக் குழுமம் ஒன்று பெரும்பங்கை வாங்கியது. பக்கத்து நாட்டில் போர் மூண்டதும், அவர்கள் விற்றுவிட்டு வெளியேறப் பார்த்தார்கள்.

"ஒவ்வொரு தடவ கைமாறும்போதும் பயமா இருந்துச்சான்னு கேளு" என்றேன்.

அவர் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள்.

"மொத தடவ நாடே மாறிப்போச்சாம்மா, பேங்கைப் பத்தி நெனைக்கவே நேரமில்லையாம். ரெண்டாவது தடவ, வெளிநாட்டுக்காரங்க வாங்குனப்பதான் அழுதாங்களாம். பையன் வைத்தியத்துக்காகத் தன் பங்கை வித்துட்டாங்களாம். மறுநாள் வேலைக்குப் போனா, வேற யாரோட வூட்டுக்குள்ளயோ நொழஞ்ச மாதிரி இருந்துச்சாம்."

எனக்கு எங்கள் வங்கியைப் பெரிய வங்கியோடு இணைத்த நாள் ஞாபகம் வந்தது. பழைய போர்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது, மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு கரும்பு விவசாயி பதறிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா, பேங்கை வித்துட்டாங்களா? எங்க வூட்டு நகை உள்ளதான கீது?"

"பத்திரமா இருக்குங்க. பேருதான் மாறுது."

"அப்ப இது யாருதும்மா?"

"கவர்மென்ட்டுதுங்க."

"அப்ப நம்முளுதுதான்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார். அவருக்கு வந்த நிம்மதி எனக்கு வரவில்லை. எங்களை இணைப்பதென்று முடிவு செய்தவர்கள் என்னையும் கேட்கவில்லை, அவரையும் கேட்கவில்லை.

வீடியோவில் பேசிய அடுத்த நாள் வீட்டுக்காரம்மாவே மகளை அந்த வங்கிக்குக் கூட்டிப் போனார். விற்பனை முடியும்வரை வெளிநாட்டுப் பணம் வருவது கஷ்டம் என்று அங்கிருந்தவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். வீட்டுக்காரம்மா என் மகளுக்கு வேறு வங்கியில் கணக்கு தொடங்க உதவினார். இரண்டாவது முறை அனுப்பியது போய்ச் சேர்ந்தது. மகள் அந்தப் பருவத் தேர்வை எழுதினாள்.

சில மாதங்களில் வங்கி கைமாறியது. புதிய முதலாளி எந்த நாட்டுக்காரர் என்று வீட்டுக்காரம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அவருடைய ஓய்வூதியம் இன்னும் அங்கேதான் வருகிறது.

"ஏன் அவங்க பேங்கை மாத்தல?" என்று கேட்டேன்.

"கூட வேல செஞ்சவங்க ரெண்டு பேர் இன்னும் அங்க இருக்காங்களாம்மா. போனா பேர் சொல்லிக் கூப்புடுவாங்களாம்."

அவர்களும் ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்காரம்மா என்ன செய்வார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.